போன செவ்வாய்க்கிழமை செய்த அசல்

சான்றிதழ் ஆய்வாளர் தேவசகாயம் பழைய பந்தயக் காரின் பானட்டுக்குள் கருவியைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எஞ்சின் அசல் இல்லைங்க. அசல் வண்டிக்கு மட்டுந்தான் இனிமேல் பெட்ரோல்."

"எங்க வீட்டுக்காரர் பீளமேட்டுப் பட்டறையில வார்த்த எஞ்சினுங்க. அவர் போன பின்னாலயும் ஓடிட்டுதான் இருக்குது," என்றார் காரின் சொந்தக்காரி கனகமணி.

"கார் கம்பெனியே பழைய எஞ்சின் நம்பரோட ஒண்ணு முப்பரிமாண அச்சு மெஷின்ல அச்சடிச்சு அனுப்பியிருக்குங்க. இதை மாட்டிட்டா வண்டி அசல்."

"இது எப்பச் செஞ்சதுங்க?"

"போன செவ்வாய்க்கிழமை."

ஆய்வாளரின் வேனில் இருந்த புது எஞ்சினைக் கனகமணி தடவினார். வழவழவென்றிருந்தது. பழைய எஞ்சினின் ஓரத்தில், வார்ப்பு மண்ணில் கணவர் அழுத்திய கட்டைவிரல் தடம் புடைத்திருந்தது. அதன்மேல் தன் விரலை வைத்தார்.

"சரிங்க, மாட்டிக்குங்க. கழட்டுற எஞ்சினுக்குப் பொருத்தமா ஒரு காரும் அச்சடிப்பாங்களான்னு கம்பெனியில கேட்டுச் சொல்லுங்க."