கார்டு இல்லாத பாட்டு

"கார்டைக் கழட்டணும். கழட்டினதுக்கு அப்புறமும் விளக்கு எரியணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

கடைக்காரர் ஏற்கெனவே ஒன்பது மியூசிக் பிளேயர்களைக் கண்ணாடி மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார். பெரியவர் ஒன்றில்கூடப் பாட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. மெமரி கார்டை உருவுவார், விளக்கைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான் பரிசோதனை.

"சட்டியில இருந்தாத்தானே ஐயா அகப்பையில வரும்? கார்டை எடுத்துட்டா பாட்டு வராதே!"

"வரக் கூடாதுன்னுதானே எடுக்கிறேன்!"

"அப்புறம் எதுக்குய்யா மியூசிக் பிளேயர்?"

பெரியவர் ஒரு தடவை வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் மருமக தினம் மத்தியானம் அவங்கம்மாவோட போன்ல பேசுவா. நான் பக்கத்துலயே இயர்போனை மாட்டிக்கிட்டு, தலையை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். விளக்கு எரியறதைப் பார்த்து, மாமா பாட்டுல மூழ்கிட்டார்னு நினைச்சு, அவ மனசு விட்டுப் பேசுவா."

"ஒட்டுக் கேக்கறீங்களா?"

"மெதுவா, தம்பி! நாலு பேர் காதுல விழப்போகுது."

ஒட்டுக் கேட்பவருக்கு அந்தப் பயம் இருப்பது நியாயம்தான்.

"அதுக்குச் சத்தத்தைக் குறைச்சு வச்சா போதாதா?"

"பேத்தி விட்டாத்தானே? பொத்தானைக் கண்டா அமுக்கியாகணும் அவளுக்கு. இப்ப வச்சிருக்கிற பிளேயர்ல பாட்டெல்லாம் உள்ளேயே இருக்கு, கழட்ட வழியில்ல. அவ வந்து சத்தத்தை முழுசா கூட்டிட்டு ஓடிடறா. ஒரு வாரமா மருமக பேசறது ஒண்ணுமே கேக்கல."

கடைக்காரருக்கு வந்ததே கோபம். அவர் மகளும் ஒரு வீட்டில் மருமகள்தான்.

"வயசுக்கேத்த வேலையாய்யா இது? அந்தப் பொண்ணு பெத்தவகிட்ட நாலு வார்த்தை சொல்லி ஆத்திக்கக் கூடாதா?"

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

'ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது – நிறுத்தியாச்சு.

பல்செட்டைத் தண்ணீர் டம்ளரில் ஊறவைப்பது – நிறுத்தியாச்சு. (மகன் தெரியாமல் குடித்துவிட்டான்.)

குளியலறையில் பாடுவது – முயற்சி நடக்கிறது.'

"முகத்துக்கு நேரா சொல்ற பொண்ணு இல்ல தம்பி அவ. 'ஏதாவது குறையாம்மா?'ன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல மாமா'ம்பா. இப்படிக் கேட்டுத்தான் ஒவ்வொண்ணா திருத்திக்கிறேன். இந்த ஒரு வாரமா என்ன தப்பு பண்றேன்னே தெரியல. அவளுக்குப் பாரமாயிடுவேனோன்னு பயமா இருக்குப்பா."

கடைக்காரரின் கோபம் போன இடம் தெரியவில்லை. அடித்தட்டைக் குடைந்து பத்தாவதாக ஒன்றை எடுத்தார். கார்டை உருவினார். நீல விளக்கு ஜம்மென்று எரிந்தது.

"இது! இதுதான் நான் கேட்டது!" என்று பெரியவர் குதிக்காத குறை.

இரண்டு நாள் கழித்து ஓர் இளம்பெண் கடைக்கு வந்தாள். நகத்தளவு மெமரி கார்டு ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"முந்தாநாள் எங்க மாமனார் இங்கதான் பிளேயர் வாங்கினார். துவைக்கும்போது இது அவர் சட்டைப் பையில இருந்துச்சு. நனைஞ்சு போச்சு. வேலை செய்யுதான்னு பாருங்களேன்."

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. பெரியவரின் குட்டு உடைந்துவிடக் கூடாதே!

"அது... அது உபரிக் கார்டும்மா! ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். பிளேயருக்குள்ள வேற கார்டு இருக்கு. அருமையா பாடுது!"

அவள் சிரித்துவிட்டாள்.

"பாவம், உங்களையும் பொய் சொல்ல வச்சுட்டாரா? அவர் காதுல பாட்டு இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும். 'குளியலறையில பாடறார்மா'ன்னு நான் சொன்னா, தலையாட்டறது பாதியிலயே நின்னுடுது. மறுநாள் பாட்டு வெறும் முனகலா ஆயிடுது. கார்டு கெடலைன்னா கொடுங்க, அவருக்குத் தெரியாம திரும்பப் பையிலயே வச்சிடறேன்."

கடைக்காரருக்கு இப்போது கோபம் இவள்மேல் திரும்பியது.

"அவர் கேக்கறது தெரிஞ்சே பேசறீங்களா? பெரிய மனுஷனோட பல்செட்டு வரைக்கும் உங்கம்மாகிட்ட ஒப்பிச்சா, சம்பந்தி வீட்டுல அவர் மானம் என்னம்மா ஆகும்?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துக் காட்டினாள்.

"நேரா சொன்னா மாமா முகம் வாடிடும், அதான் இப்படி. அதுக்காக எங்க மாமாவைப் பத்தி எங்கம்மாகிட்டப் போய்க் குறை சொல்வேனா? நான் தினம் பேசற இந்த போன்ல சிம் கார்டே கிடையாதுங்க!"