கீர்த்தியின் சாப்பாட்டு நோட்டு

"மார்ச் 14. ஒரு சின்னத் தவறு. நேற்று தின்ற கொய்யாப்பழத்தை எழுத மறந்துவிட்டேன்."

பளுதூக்கும் கீர்த்தி ஓராண்டாகச் சாப்பிட்டதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. அப்படியும் ஊக்கமருந்து சோதனையில் மாட்டிக்கொண்டாள். நாளை சென்னையில் விசாரணை. தோற்றால் நான்கு வருடம் தடை.

"கோச் எதுனா கலந்துட்டாராம்மா?" பக்கங்களைப் புரட்டிப் புரட்டி அழுதாள்.

தறியில் இருந்த அம்மா அம்சவேணி நிமிரவில்லை. "எல்லாம் எழுதிவெச்சிருக்கியேமா. அத்தக் காட்டினா விட்டுடமாட்டாங்க?"

"தண்ணிகூட எழுதிக்கினு வந்தேன். தினம் நீ கோயில்லேர்ந்து கொண்டாற பொங்கல்தான் எழுதல. பிரசாதத்தை யாரு சாப்பாடுன்னு எழுதுவாங்க?"

தறியின் நாடா பாதி ஓட்டத்தில் நின்றது.

"மூணு மாசமா நான் கோயிலுக்கே போகலமா," என்றாள் அம்சவேணி. "நீ தோத்து அழுதது தாங்கல. ஜிம்முல ஒருத்தர் சத்து மாத்திரைன்னு குடுத்தாரு. மாத்திரைன்னா நீ தொடமாட்டே. வீட்டுலயே பொங்கி, பொடிச்சுப் போட்டு, பிரசாதம்னு குடுத்தேன்."

கீர்த்தி பேனாவை எடுத்தாள்.

"நாளை: ஆறு மணி சென்னை பஸ். அம்மாவும் வரவேண்டும். மாத்திரை டப்பாவை மறக்கக்கூடாது."