படலைக்குக் கேட்கிற சத்தம்

வட்டக்கச்சி வீதியோரம் காயவிட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருக்கிறாள் புவனேஸ்வரி. படபடவென்று வெடித்தபடி ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. அடுத்த கணம் அவள் நெல்லின்மேல் குப்புறக் கிடக்கிறாள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, போர்க்காலச் செல்லடிக்குப் பழகியபடி. “நான்தானம்மா” என்று மகன் ஜெயந்தன் இறங்குகிறான். எழுந்தவளின் கன்னத்தில் நெல்மணிகள் ஒட்டியிருக்கின்றன. செல் விழுந்த நாளிலிருந்து காது அடைத்துப்போன கணவர் பரஞ்சோதி, யாரும் கூப்பிடாமலே படலையைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார். மகன் வண்டியில் பூட்டியிருக்கும் புதுச் சைலன்சரைக் காட்டி அவருடைய காதருகே அவள் கத்துகிறாள்: “ஊரே ஏசுது. பழசைப் பூட்டச் சொல்லுங்கோ.” “விடப்பா. பெடியன் வாறது இப்பதான் எனக்குக் கேக்குது” என்கிறார் பரஞ்சோதி. அவள் நெல்லில் பதிந்து கிடக்கும் தன் உருவத்தைக் காலால் நிரவிவிடுகிறாள்.