லீவு நாள் இருமல்

போன் அடித்தது. அடுத்த நொடி உள்ளறையில் மாமியாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"லொக்கு... லொக்கு லொக்கு..."

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொரோனா வார்டில் நர்ஸ் அவள். மாசக்கணக்கில் ஓடாய்த் தேய்ந்தவளுக்கு, வருஷக் கடைசியில் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. இன்றைக்குத்தான் முதல் நாள். அடித்துப் போட்ட மாதிரி தூங்கலாம் என்று பார்த்தால், நாளைக்கு நாத்தனார் குடும்பமும் கொழுந்தன் குடும்பமும் மூட்டை முடிச்சோடு வருகிறார்கள்.

"நோய்க் காலமாச்சே..." என்று ஜாடையாய்ச் சொல்லியும் பார்த்தாள்.

"வருஷா வருஷம் அங்கதானே கூடுறோம்! கொரோனா என்ன, சொந்தக்காரங்களைத் தேடியா வரும்?" என்று சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் பேசினால், வீட்டுக்கு வரவேண்டாம் என்று மருமகள் கதவைச் சாத்திவிட்டாள் என்று பேர் வரும்.

அது போதாதென்று இப்போது இந்த இருமல் வேறு!

கணவன் மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு தெர்மாமீட்டரோடு வந்தான். "ஜுரம் இல்ல. ஆனா இருமலைக் கேட்டா எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குப் பயமில்ல. இது நெஞ்சு இருமலும் இல்ல, தொண்டை இருமலும் இல்ல. வாய் இருமல்! காலையிலேர்ந்து பாக்குறேன், போன் வந்தா மட்டும்தான் வருது. எவ்வளவு இருமலைக் கேட்டவ நான், எங்கிட்டயேவா?"

"எங்கம்மா எதுக்கு நடிக்கணும்?"

"நான் லீவுல வீட்டுல இருக்கேன்ல, அதுக்குத்தான்! அங்க நோயாளி, இங்க மாமியார். பக்கத்துலயே நின்னு பணிவிடை செய்யணும். என் தலையெழுத்து!"

அவன், ஆவி பிடிக்க வெந்நீர் வைக்கிறேன் என்று அடுப்படிக்குள் நழுவினான்.

மாமியார் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நாத்தனாரின் குரல் வாசல்வரை கணீரென்று வந்தது.

"அம்மா! இது அண்ணி ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒட்டிட்டு வந்ததுதான், பாத்துக்கோ!"

"நாக்கை அடக்கிப் பேசு. அவளை எதுக்கு இழுக்கறே? நான்தான் மாஸ்க் போடாம எதிர்வீட்டுக்காரியோட வம்பளந்துட்டு வந்தேன். லொக்கு லொக்கு... பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடாதே தாயே!"

"ஐயையோ, நாங்க வரலம்மா! நீ உடம்பைப் பாத்துக்கோ!"

மாஸ்க் போடாமலா? மருமகள் புயலாய் உள்ளே நுழைந்தாள்.

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மாமியார், அவசரமாய் வாயைத் துடைத்தார்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே அத்தை! மாஸ்க் இல்லாமலா போனீங்க?"

"போட்டுக்கிட்டுதான் போனேன்."

"அப்ப இந்த இருமல்?"

"உஸ்... மெதுவாப் பேசு." மாமியார் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "நேத்து சாப்பிடும்போது தட்டுல கையை வெச்சபடியே தூங்கிட்டியே, ஞாபகம் இருக்கா? நான்தான் உன் கையைத் துடைச்சு, படுக்கையில கொண்டுபோய் விட்டேன். அதுகூடத் தெரியாமத் தூங்கினே."

மருமகளுக்குத் தெரியாதுதான்.

"அந்தப் பட்டாளம் வந்தா உன் லீவு அடுப்படியிலேயே கரைஞ்சுடும். வேணாம்னு நீ சொன்னா நீ பொல்லாதவ. என் பிள்ளை சொன்னா பொண்டாட்டிதாசன். நான் சொன்னா, நீ சொல்லிக் கொடுத்தேம்பாங்க. இருமலை யார் என்ன சொல்ல முடியும்? நீ போய்த் தூங்கும்மா. சமையலை அவன் பாத்துப்பான். வெந்நீர் வைக்கக் கத்துக்கிட்டான்ல, மிச்சமும் வந்துடும்."

மருமகளுக்குக் கண்ணும் நிறைந்தது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

மறுபடி போன் அடித்தது. கொழுந்தன்.

"சின்னவனா! அவன் லேசுல நம்ப மாட்டானே..." மாமியார் பதறிப்போய்த் தொண்டையைச் செருமினார்.

மருமகள் பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"பொறுங்க அத்தை, வாயால இருமாதீங்க. வயித்தை நல்லா எக்கி, நெஞ்சுலேர்ந்து வரணும்... இப்படி!"