வாங்கும்போது சொன்ன குறைகள்

பாழடைந்து கிடந்த அந்தப் பண்ணைவீட்டைக் கடக்கும்போதெல்லாம், அதை எடுத்துக் கட்டிவிட வேண்டும் என்று துணிக்கடைக்காரருக்குக் கை துறுதுறுக்கும். அதற்காக விலை பேசும் இடத்தில் ஆசையைக் காட்டுவாரா? பழக்கதோஷத்தில் இல்லாத குறையையெல்லாம் அடுக்கினார். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றார். உத்தரத்தில் கரையான் என்றார்.

"நீங்க சொன்னா சரிங்க" என்று விற்றவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

வாங்கிய மாதமே தித்திப்பான தண்ணீர் உப்புக் கரித்தது. உத்தரத்தைக் கரையான் தின்றது. மாற்றிப் போட்டார், அதையும் தின்றது. இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

"இன்னும் என்னென்ன சொல்லித் தொலைச்சீங்க?" அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த மனைவி, உள்ளறையைப் பெருக்கியபடி கேட்டாள்.

"அவ்வளவுதான்" என்றார், அறைவாசலில் சிமெண்டு மூட்டைமேல் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர். 'என் வீட்டுக்காரி இங்க ஒரு நாள்கூடத் தங்கமாட்டா' என்று சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"போதும், வா, கிளம்பலாம்."

பெருக்கும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தார். அறைக்கு வேறு வாசல் இல்லை. பாதித் தரை சுத்தமாக இருந்தது. குப்பைக் குவியல் பக்கத்தில் துடைப்பம் கிடந்தது.

அவர் எழுந்து, சுவரில் கை வைத்துக்கொண்டார்.

"நல்ல வீடுங்க" என்றார் மெதுவாக. "ஒரு குறையும் இல்ல."