பதினொன்றாவது கேள்வி

பதினொன்றாவது கேள்வியைத் திருப்பிப் போடாமல் விட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை மதியம். உளவியல் துறையில் அவளும் மின்விசிறியும்தான்.

தனியாக வாழும் முதியவர்கள் அறுபது பேர். அதில் முப்பது பேருக்கு இரண்டு மாதம் தினமும் போன் செய்து பேசினாள். மற்றவர்களுக்குச் செய்யவில்லை. அழைப்புகள் நின்ற மறுவாரம் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். மதிப்பெண் கூடினால் தனிமை கூடுதல்.

பதினொன்று மட்டும் எதிர்த்திசை. ‘கூப்பிட்டால் வர எனக்கு ஆள் உண்டு.’ எப்போதும் என்றால் நான்கு. ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று. கூட்டுவதற்கு முன் நான்கை ஒன்றாகவும் ஒன்றை நான்காகவும் திருப்பிப் போட வேண்டும். முதல் வருட மாணவிக்கும் தெரியும்.

அவள் பேசிய முப்பது பேரில் முக்கால்வாசிப் பேர் ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்திருந்தார்கள். அந்த ஒன்றுகளால் கூட்டுத்தொகை இறங்க, தனிமை குறைந்துவிட்டது என்றது கணினி. அவளும் கட்டுரை எழுதினாள். கைதட்டலும் வாங்கினாள்.

போன் நின்றதும் அவர்களுக்கு யாரும் இல்லாமல் போயிருக்கிறது. அதைப் போய் நிம்மதி என்று எழுதியிருக்கிறாள், பாவி.

இனி கூப்பிடவும் முடியாது. ஆய்வு விதிப்படி தொலைபேசி எண்களை அழித்தாயிற்று.

திருப்பிப் போட்டுக் கூட்டினாள். அழைப்புகளின் பலன் போயே போய்விட்டது.

திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை. கையில் இருப்பது இந்த ஒரு கட்டுரைதான்.

ஆய்வு வழிகாட்டி நாச்சியப்பனுக்குப் போன் செய்து சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

“யாரும்மா தொறந்து பாக்கப் போறா? திங்கக்கிழமை முடியட்டும்.”

அதுவும் நிஜம்தான். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கட்டும் என்று மொத்தத் தரவையும் இணையத்தில் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. திறந்து பார்த்தவர்கள்: பூஜ்யம். ஒரே ஒரு ஆள் எட்டிப் பார்த்திருந்தால் அப்போதே மாட்டியிருப்பாள். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

திருத்திய தரவை ஏற்றினாள். மேலே எழுதினாள்: பிழை என்னுடையது. இந்த முடிவு நிற்காது.

டீ குடிக்கவும் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

ஐந்து மணிக்குப் பூஜ்யம் ஒன்றானது.

யாரோ. எந்த ஊரோ.

வேலை போனது போனதுதான். ஆனாலும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மேசையில் பழைய வினாத்தாள் ஒன்று கிடந்தது. ஆய்வு தொடங்கும் முன் சோதனைக்காக அவளே நிரப்பியபோது, பதினொன்றுக்கு யோசிக்காமல் ‘ஒருபோதும் இல்லை’ போட்டிருந்தாள்.

இப்போது பேனாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள்.

எப்போதாவது.