ஏழு வருடம் பதின்மூன்று மாதம்

“நீ மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறறதுக்கு முன்னாடியே நான் இங்க கொழுந்து கிள்ளுனவடீ!”

“கிள்ளுனே, கிள்ளுனே! நடுவுல புள்ள பெறப் போறேன்னு ஓடுனது ஆராமா? உங்க அம்மிச்சியா?”

பேச்சி ஒன்று சொல்ல, மரகதம் ஒன்று சொல்ல, இருவரும் எஸ்டேட் ஆபீசையே இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். கிளார்க் கமலேஷ் கம்ப்யூட்டருக்குப் பின்னால் முடிந்தவரை குனிந்திருந்தான்.

தேயிலை விலை தரைக்கு இறங்கியிருந்த வருடம். யாருடைய மொத்த வேலை நாள் எல்லாரையும்விடக் குறைவோ அந்த ஒருவருக்கு வேலையும் கிடையாது, எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வருடம், மாதம், நாள் என்று கிடந்த சர்வீசையெல்லாம் எக்செல்லில் மொத்த நாளாக்கியவன் கமலேஷ்.

அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர் பேச்சி. நேர் மேலே மரகதம்.

மரகதத்துக்கு ஒரே மூச்சில் எட்டு வருடம். பேச்சி இரண்டு தவணையாக வேலை பார்த்தவள். வருடத்தை வருடத்தோடும் மாதத்தை மாதத்தோடும் கூட்டி, ஏழு வருடம் பதின்மூன்று மாதம் என்று போட்டிருந்தான்.

பதின்மூன்று மாதம் ஒரு வருடத்தைவிடப் பெரிதாயிற்றே?

எக்செல்லில் தான் போட்ட கணக்கைத் திறந்து பார்த்தான்.

வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து, சரி. மாதத்துக்கு இருபத்தாறு! சம்பளம் போட்டுப் பழகிய கை. ஞாயிறு போனால் எஸ்டேட்டில் ஒரு மாதம் என்பது அவ்வளவுதானே.

முப்பது என்று மாற்றினான். பேச்சி மரகதத்தைத் தாண்டிவிட்டாள்.

பட்டியலில் மேனேஜர் கையெழுத்துப் போட்டு, கதவில் ஒட்டியாகிவிட்டது. இப்போது வாயைத் திறந்தால் முதலில் மலையிறங்குவது அவன்தான். வீட்டில் அப்பாவின் இருமல், பாதி கட்டிய சுவர். 

மறுபடியும் இருபத்தாறு என்று அடித்தான்.

ஆபீசில் ஒரு குரல் குறைந்திருந்தது. பேச்சி மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தாள். மரகதம் எப்போது மேஜையைச் சுற்றி வந்தாளோ, அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். எழுத்துத்தான் அவளுக்கு வராது. எண் வரும்.

முப்பது இருபத்தாறாக மாறியதைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பேச்சி அந்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். தை பிறந்ததும் மரகதத்தின் மகள் மனிஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, கமலேஷ். பெண் கேட்டு அவன் வீட்டார் வரவில்லை. மரகதம்தான் மாப்பிள்ளை கேட்டுப் போனாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட அவன் சொல்லவில்லையாம்.